டிஸ்க் பாதியில் நிற்கிறதா? சோப்புத் தண்ணீர், வேசலின், பேஸ்ட், காப்பி: எதை முதலில் செய்வது

போன சித்திரையில் வாலாஜாவிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து ஒரு டிவிடியை எடுத்து மேசையில் வைத்தார். அக்காவின் கல்யாணம், 2007. அட்டையில் இருந்த போட்டோ வெளிறிப் போயிருந்தது.

“தாலி கட்டுற எடத்துல வந்து அப்படியே நின்னுடுதுடா கண்ணு. பேஸ்ட்டு போட்டுத் தேய்ச்சா ஓடும்னு பக்கத்து வூட்ல சொல்றாங்க. உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு செய்யலாம்னு எடுத்தாந்தேன்” என்றார்.

“நல்ல வேளை, தேய்க்காம எடுத்தாந்தியே பெரிம்மா” என்றேன். உண்மையிலேயே எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலூரில் எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் யார் வீட்டு டிஸ்க் திக்கினாலும் என்னிடம்தான் வரும். வருவதில் பாதி, யாரோ ஒருவர் ஏற்கனவே தேய்த்து வைத்ததாக இருக்கும்.

பேஸ்ட் வேலை செய்யுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சில கீறலுக்குச் செய்யும். ஆனால் அதை எத்தனாவதாகச் செய்ய வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கிறது. வீட்டு வைத்தியம் என்று சொல்லப்படுபவற்றில் சிலவற்றைச் செய்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம். சிலவற்றில் திரும்பவே முடியாது. அந்த வரிசை தலைகீழானால், ஓடியிருக்க வேண்டிய டிஸ்க்கும் போய்விடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி டிஸ்க்கைப் பற்றியது: இது போனால் இன்னொன்று கிடைக்குமா? கடையில் வாங்கின சினிமா டிவிடி என்றால் போனால் போகட்டும். வீட்டு விசேஷம், ஊர்க் கூத்து, இறந்து போனவர்களின் குரல் என்றால் கணக்கு வேறு.

அடுத்து, ஒவ்வொரு வழியையும் இந்த நான்கை வைத்துப் பார்க்கிறேன்:

- செய்ததைத் திருப்ப முடியுமா?
- எந்தக் கோளாறுக்கு இது மருந்து? அழுக்குக்கா, மெல்லிய கீறலுக்கா, ஆழமான கீறலுக்கா?
- ஒரு முறை ஓடினால் போதுமா, நிரந்தரமாக ஓட வேண்டுமா?
- கையில் கொடுக்கும் காசு எவ்வளவு, கண்ணுக்குத் தெரியாத செலவு எவ்வளவு?

இதில் முதலாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன்.

## அதற்கும் முன்னால்: கோளாறு டிஸ்க்கிலா, பிளேயரிலா?

வேறு இரண்டு டிஸ்க் போட்டுப் பாருங்கள். எல்லாமே திக்கினால் டிஸ்க்கின் மேல் பழி இல்லை. பிளேயரின் லென்ஸில் தூசி படிந்திருக்கும். நம் ஊர்த் தெருப்புழுதியில் இரண்டு வருடம் மூடாமல் கிடந்த பிளேயர் வேறு எப்படி இருக்கும்? சின்ன பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க் ஒன்று போட்டால் பல சமயம் சரியாகிவிடும்.

ஒரே டிஸ்க், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு டிஸ்க்கில். அது எங்கே என்பதையும் ஊகிக்கலாம். கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சி.டி.யும் சாதாரண டிவிடியும் நடுவிலிருந்து வெளிவட்டத்துக்கு ஓடும். படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் நின்றால் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் பாருங்கள். கடைசியில் நின்றால் விளிம்பில் பாருங்கள். விளிம்பில்தான் நம் விரல் படும், உறையில் உரசும்.

இரட்டை அடுக்கு டிவிடி என்று ஒன்று உண்டு. ஒற்றை அடுக்கில் 4.7 ஜிபி பிடிக்கும், இதில் 8.5 ஜிபி. படத்தின் நடுவில் ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஒரு நொடி நிற்கும். அது நோய் இல்லை.

கடைசியாக, டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து லேபிள் பக்கத்தைப் பாருங்கள். ஊசிக் குத்தினது போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் உலோகப் பூச்சு போய்விட்டது. அதற்குச் சோப்பும் இல்லை, பேஸ்ட்டும் இல்லை. சி.டி.யிலும் விசிடியிலும் (படம் ஏற்றின சி.டி.) தகவல் இருப்பது லேபிளுக்கு நேர் கீழே. 1.2 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக்கின் மறுகோடியில், மெல்லிய ஒரு பூச்சுக்கு அடியில். நாம் பயந்து பயந்து பாதுகாப்பது பளபளப்புப் பக்கத்தை. பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதுவதோ அந்தப் பூச்சின் மேலேயே. டிவிடி இதில் கொஞ்சம் மேல். 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருப்பார்கள்.

## சோப்புத் தண்ணீர்

எதற்கு: விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, மஞ்சள் குங்குமக் கறை.

பெரியம்மாவின் டிவிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீறல் ஒன்றிரண்டுதான், அதுவும் மேலோட்டமாக. ஆனால் நடுவட்டத்தைத் தாண்டி ஒரு கட்டைவிரல் ரேகை, அதன் ஓரத்தில் லேசாக மஞ்சள். கல்யாண ஆல்பத்தோடு சேர்த்துப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்களாம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தாலி கட்டும் இடத்தில் தடுத்துக்கொண்டிருந்தது அந்த விரல் ரேகைதான்.

செய்முறை எளிது. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. விரல் நுனியால் மெதுவாகத் தடவி, நல்ல தண்ணீரில் அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி வாங்கும்போது கொடுக்கும் துணி இருந்தால் அதுதான் சிறந்தது. நன்றாகத் துவைத்துத் துவைத்துப் பழசான பருத்தி வேட்டித் துண்டும் ஆகும். கஞ்சி போட்ட வேட்டி வேண்டாம், டிஷ்யூ பேப்பர் வேண்டாம், பாத்திரம் துலக்கும் பவுடர் கிட்டவே வரக் கூடாது.

துடைக்கும் திசை முக்கியம். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். காரணம் இது. தகவல் சுருள் சுருளாக வட்டப்பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்க்கிலேயே ஒரு பிழைதிருத்தக் கணக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அதனால் பாதையின் நீளவாக்கில் சி.டி.யில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர், டிவிடியில் சுமார் ஆறு மில்லிமீட்டர் வரை விட்டுப்போனால்கூட பிளேயர் தானே நிரப்பிக்கொள்ளும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே தாண்டிப் போகிறது, ஒவ்வொன்றிலும் துளி இடம்தான் கெடும். வட்டவாக்கில் விழுந்த கீறல் ஒரே சுற்றை நீளமாகத் தின்றுவிடும். அந்தக் கணக்கால் அதை ஈடுகட்ட முடியாது.

மறைவான செலவு: தண்ணீர். வேலூர்ப் பக்கம் போர்த் தண்ணீர் பல வீடுகளில் உப்புத் தண்ணீர். அதில் அலசி அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக வட்டம் படியும். குழாயடியில் எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் படியுமே, அதே படிவு. கைரேகையை எடுக்கப்போய் உப்புக் கறையைப் பூசிவிடுவோம். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ பயன்படுத்துங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். கல்யாண டிஸ்க் போலக் கம்ப்யூட்டரில் எழுதின டிஸ்க்கில் தகவல் இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெளிச்சமும் சூடும் அதைக் கெடுக்கும். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கத்திரி வெயிலில் அதை வைக்கவே கூடாது.

லேபிள் காகிதத்தில் ஒட்டியிருந்தால் தண்ணீரில் முக்காதீர்கள், பளபளப்புப் பக்கத்தை மட்டும் நனைத்த துணியால் துடையுங்கள். காகிதம் ஊறி ஒரு பக்கம் புடைத்தால் டிஸ்க் சுற்றும்போது ஆடும்.

எப்போது இதுவே போதும்: கண்ணுக்குக் கீறல் பெரிதாகத் தெரியாமல், மங்கலாக மட்டும் இருக்கும்போது. எப்படிப்பட்ட டிஸ்க்காக இருந்தாலும் முதல் வேலை இதுதான்.

## ஸ்பிரிட்

சோப்புக்கு அசையாத பிசின், ஸ்டிக்கர் பசை, மார்க்கர் மை ஆகியவற்றுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். துணியில் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு. சீக்கிரம் ஆவியாகிவிடும், உப்புக் கறை படியாது. போர்த் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

பெயரைப் பார்த்து வாங்குங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், சானிடைசரில் கிளிசரின் இருக்கும். இரண்டும் பிசுக்கு விடும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பிளாஸ்டிக்கையே அரிக்கும். டிஸ்க் ஒரே நிமிடத்தில் பால் போல வெளுத்துவிடும்.

## வேசலின்

எதற்கு: மெல்லிய, நடுத்தரக் கீறல். ஒரு முறை ஓட்டிக் காப்பி எடுக்க.

இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேஸ்ட்டுக்குக் கிடைத்த பேர் இதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் இரண்டில் இதுதான் பாதுகாப்பானது.

லேசர் ஒளி தெளிந்த பிளாஸ்டிக் வழியாக உள்ளே போய், தகவல் அடுக்கில் ஒரு புள்ளியாகக் குவிந்து, திரும்பி வர வேண்டும். கீறல் என்பது பிளாஸ்டிக்கில் ஒரு பள்ளம். பள்ளத்தில் காற்று இருப்பதால் ஒளி அங்கே திசைமாறிவிடுகிறது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். பிளாஸ்டிக்குக்கு அது 1.58 சுமாருக்கு, காற்றுக்கு 1. வேசலின் 1.47 சுமாருக்கு வரும். பள்ளத்தில் காற்றுக்குப் பதில் வேசலின் நிரம்பினால் ஒளிக்கு அந்தப் பள்ளம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஈரமான தரையில் சின்னக் கீறல் தெரியாதது போல.

மிளகளவு எடுத்துக் கீறலின் மேல் தடவி, சுத்தமான துணியால் மிச்சம் இல்லாமல் துடைத்துவிட வேண்டும். பள்ளத்துக்குள் போனது மட்டும் இருந்தால் போதும். மேற்பரப்பில் படலமாக நின்றால் டிஸ்க் சுற்றும் வேகத்தில் தெறிக்கும். சி.டி. சாதாரண வேகத்திலேயே நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று. கம்ப்யூட்டர் டிரைவில் இதைப் போலப் பல மடங்கு. மறைவான செலவு அங்கேதான்: ஒரு துளி லென்ஸில் பட்டால் டிஸ்க்கோடு பிளேயரும் கெடும். தேங்காய் எண்ணெயை இதற்குப் பதிலாகத் தடவாதீர்கள், அது ஓடும்.

நாளாவட்டத்தில் வேசலின் தூசியைப் பிடிக்கும். அதனால் இது நிரந்தர மருந்தில்லை. ஆனால் சோப்புத் தண்ணீரில் கழுவினால் டிஸ்க் பழையபடி, தடவுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படி. ஒரு முறை ஓடினால் போதும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## பேஸ்ட்

எதற்கு: தொட்டால் நகத்தில் தட்டாத மெல்லிய கீறல்கள், உறையில் உரசி உரசி வந்த மங்கல்.

பேஸ்ட் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தேய்த்துக் கரையின் கூர்மையைக் குறைக்கிறது. பல்லில் கறை எடுக்க அதில் போட்டிருக்கும் நுண்பொடிதான் இங்கே வேலை செய்கிறது. ஆகவே இதன் பெயர் சுத்தம் செய்வது அல்ல, இழைப்பது. தச்சர் சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இதுவும் அப்படித்தான்.

செய்தே ஆக வேண்டும் என்றால்: சாதாரண வெள்ளைப் பேஸ்ட். ஜெல் வேண்டாம், உப்பு, கரி, பளீரென்று வெண்மை தருவதாகச் சொல்பவை எதுவும் வேண்டாம். பல்பொடி கூடவே கூடாது, துகள் பெரிது. வெள்ளி விளக்குக்குத் திருநீறு போடுவது போல இதற்கும் போடலாமே என்று ஒருவர் கேட்டார். போடக் கூடாது, துகள் ஒரே அளவாக இருக்காது, ஒரு கீறலை எடுத்து இருபது கீறல் போட்டுவிடும். பட்டாணியளவு பேஸ்ட், ஈரத்துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு, அழுத்தாமல், இரண்டு மூன்று நிமிடம். பிறகு கழுவி, ஓட்டிப் பாருங்கள். முன்னேற்றம் இருந்தால் இன்னொரு முறை. இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மேலும் தேய்த்தால் ஓடும் என்ற எண்ணத்தில்தான் பல டிஸ்க் போனது.

மறைவான செலவு: தேய்த்த இடம் முழுக்க மெல்லிய புகைமூட்டம் வரும். முன்பு ஒரு கீறலில் மட்டும் நின்ற டிஸ்க், இப்போது அந்தப் பகுதி முழுக்கத் திணறும். வட்டமாகத் தேய்த்திருந்தால் இன்னும் மோசம். சி.டி.யில் தகவலுக்கு முன்னால் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது, டிவிடியில் 0.6. கொஞ்சம் சீவினாலும் தாங்கும். டிவிடிக்குப் பிறகு வந்த புளூரே டிஸ்க்கில் தகவல் வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில், மேலே ஒரு கடினப் பூச்சோடு இருக்கிறது. அதில் பேஸ்ட் போட்டால் பூச்சும் போகும், டிஸ்க்கும் போகும். புளூரேக்குப் பேஸ்ட் என்ற பேச்சே வேண்டாம்.

எப்போது இது சரி: கடையில் வாங்கின பாட்டு சி.டி., சினிமா டிவிடி, மீண்டும் கிடைக்கக்கூடியது, கீறல் மெல்லியது, கழுவியும் ஓடவில்லை. அப்போது தாராளமாகச் செய்யலாம். நானே செய்திருக்கிறேன், ஓடியும் இருக்கிறது.

## வேறு டிரைவ், கம்ப்யூட்டரில் காப்பி

எதற்கு: டிஸ்க்கைத் தொடாமலே அதில் இருப்பதை வெளியே எடுக்க.

ஒரு பிளேயர் படிக்காததை இன்னொன்று படிக்கும். ஒவ்வொன்றின் லேசரும் கவனமும் ஒரே மாதிரி இல்லை. டிவியோடு இணைத்த பிளேயர் சிக்கினால் அந்தக் கணத்திலேயே படம் காட்ட வேண்டிய அவசரம் அதற்கு. கம்ப்யூட்டருக்கு அந்த அவசரம் இல்லை. வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தை ஐம்பது முறை படித்துப் பார்க்கச் சொன்னாலும் படிக்கும்.

வீட்டு டிவிடிக்கு நான் பயன்படுத்துவது டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். அது முதலில் நல்ல இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். எது எடுத்தது, எது பாக்கி என்று ஒரு கணக்குக் கோப்பு வைத்துக்கொள்ளும். அதனால் இன்று ஒரு டிரைவில் எடுத்ததன் மிச்சத்தை நாளை இன்னொரு டிரைவில் தொடரலாம். விண்டோஸில் ஐசோபஸ்டர். அதில் சில வசதிக்குக் காசு கட்ட வேண்டும், ஆனால் விசிடிக்கு அதுதான் ஒத்துவரும். எடுத்த பிறகு வி.எல்.சி.யில் எல்லாம் ஓடும், விசிடியின் டாட் கோப்பு உட்பட.

விசிடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தின் திருவிழா முழுக்க அதில்தான் இருக்கிறது. சாதாரணத் தகவல் சி.டி.யில் 2352 பைட் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் 2048 தான் நமக்கு, மிச்சத்தில் கூடுதல் பிழைதிருத்தமும் அடக்கம். விசிடியில் அந்தக் கூடுதல் காவலை எடுத்துவிட்டு 2324 பைட் வரை படத்தை நிரப்புவார்கள். 74 நிமிடப் படம் ஒரு சி.டி.யில் அடங்குவது இப்படித்தான். அதற்கான விலை, கீறல் விழுந்தால் மற்ற தகவல் சி.டி.யைவிடச் சீக்கிரம் படம் கட்டங்கட்டமாக உடைவது.

மறைவான செலவு: இப்போது வரும் லேப்டாப்பில் டிஸ்க் டிரைவே இல்லை. யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் வாங்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். மோசமான டிஸ்க் ஒன்றுக்கு ஒரு இரவு முழுக்க ஓட வேண்டியிருக்கும், அப்போது கரண்ட் போகக் கூடாது. கம்பெனி டிவிடியில் காப்பி எடுக்க விடாத பூட்டு இருக்கும். வீட்டு விசேஷ டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை.

## இன்னொரு பிரதி, இல்லையென்றால் ஸ்டூடியோ

பெரியம்மாவிடம் நான் அடுத்துக் கேட்டது: “மாப்ள வூட்ல ஒரு செட்டு குடுத்தாங்களா?” குடுத்திருந்தார்கள், குடியாத்தத்தில். கல்யாண டிஸ்க்கில் நாலைந்து செட் போட்டு இரண்டு வீட்டுக்கும் கொடுப்பது வழக்கம்தானே. நம் செட்டில் ரிசப்ஷன் கெட்டிருந்தால் அவர்கள் செட்டில் முகூர்த்தம் கெட்டிருக்கும், ஒரே இடத்தில் இரண்டும் கெடுவது அபூர்வம். ஒரு போன் செலவில் முடிகிற வேலையை விட்டுவிட்டு ஏன் தேய்க்க வேண்டும்?

எடுத்த ஸ்டூடியோவையும் கேளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் அவர்களிடம் இருந்தாலும் இருக்கும். கேசட், டிஸ்க்கை பென் டிரைவில் ஏற்றித் தரும் ஸ்டூடியோக்களும் உண்டு. கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: டிஸ்க்கைத் தேய்க்கக் கூடாது, கோப்பைச் சுருக்கக் கூடாது. சுருக்கித் தந்தால் 4 ஜிபி படம் 500 எம்பி ஆகிவிடும். செல்போனில் பார்க்க நன்றாக இருக்கும், பெரிய டிவியில் முகமே தெரியாது.

## ஃப்ரிட்ஜ், வெந்நீர், வாழைப்பழம்

இந்த மூன்றையும் வைத்தியமாகச் சொல்பவர்கள் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்தால் கீறல் போகாது, வெளியே எடுத்ததும் வேர்க்கும். வெந்நீரில் போட்டால் வளையும். வாழைப்பழத்தைத் தேய்த்தால் சர்க்கரைதான் படியும், எறும்பு வரும். மூன்றையும் விட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு ஒத்துவரும் | திருப்ப முடியுமா | கைச்செலவு | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| சோப்புத் தண்ணீர் | ரேகை, பிசுக்கு, தூசி | முடியும் | ஏறக்குறைய இல்லை | உப்புக் கறை, காகித லேபிள் ஊறுவது |
| ஸ்பிரிட் | பசை, மை, பிடிவாதக் கறை | முடியும் | குறைவு | தவறான பாட்டில் வாங்கினால் டிஸ்க் வெளுக்கும் |
| வேசலின் | மெல்லிய, நடுத்தரக் கீறல் | கழுவினால் போய்விடும் | ஏறக்குறைய இல்லை | மிச்சம் தெறித்தால் லென்ஸ் கெடும் |
| பேஸ்ட் | மெல்லிய கீறல் மட்டும் | முடியாது | ஏறக்குறைய இல்லை | புகைமூட்டம், அடுத்த முயற்சிக்கு வழியடைப்பு |
| கம்ப்யூட்டர் காப்பி | எல்லாவற்றுக்கும், பூச்சு போனது தவிர | டிஸ்க்கைத் தொடுவதில்லை | டிரைவ் இல்லையென்றால் ஆயிரத்துக்கு மேல் | நேரம், பொறுமை |
| இன்னொரு பிரதி | எல்லாவற்றுக்கும் | டிஸ்க்கைத் தொடுவதில்லை | ஒரு போன் | இல்லை |
| ஸ்டூடியோ | கம்ப்யூட்டர் பழகாதவர்களுக்கு | சொல்லிக் கொடுத்தால் | இடத்துக்கு இடம் மாறும் | சுருக்கின கோப்பு |

## உங்கள் டிஸ்க் எந்த ரகம்?

கடையில் வாங்கின படம், பாட்டு: கழுவுங்கள், ஓடாவிட்டால் பேஸ்ட். அதுவும் ஓடாவிட்டால் விட்டுவிடலாம். இதற்காக டிரைவ் வாங்குவது வீண்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு: கழுவுங்கள். ஓடினால், ஓடிய அன்றைக்கே காப்பி எடுங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம், எழுதின டிஸ்க்கின் சாயம் நாளுக்கு நாள் மங்குகிறது. ஓடாவிட்டால் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். பேஸ்ட் இந்தப் பட்டியலில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரியம்மாவின் டிவிடி கழுவினதுமே தாலி கட்டும் இடத்தைத் தாண்டிப் போனது. ரிசப்ஷனில், விளிம்புக்குப் பக்கத்தில், மறுபடி நின்றது. அந்த இருபது நிமிடத்தைக் குடியாத்தத்துச் செட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். பெரியம்மா தாலி கட்டும்போது பின்னால் நிற்கும் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பவே ஒடம்பு எளைச்சித்தான் இருந்துக்கிறாரு பாரு” என்றார். அவர் போய் எட்டு வருடம் ஆகிறது.

உலகத்தில் ஒரே ஒரு பிரதி: இங்கே என் சொந்த டிஸ்க்கைச் சொல்கிறேன். ஆரணிக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊரில் 2005-இல் பாரதத் திருவிழா நடந்தது. மகாபாரதக் கதை, பத்து இரவுத் தெருக்கூத்து. மறுநாள் காலை படுகளம், அதாவது துரியோதனன் விழும் சடங்கு; அதற்கு முந்தின கடைசி இரவை மட்டும் ஒருவர் படம் பிடித்து ஆறு விசிடியாகப் போட்டுக் கொடுத்தார். தாத்தா அந்தக் கூத்து ஜமாவில், அதாவது குழுவில், முகவீணை என்ற ஊதுகுழல் வாசித்தவர். அவர் வாசிப்பு வேறு எதிலும் பதிவாகவில்லை. மூன்றாவது டிஸ்க் நிற்க ஆரம்பித்ததும் மாமா அதை ஒரு கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் அங்கேயே பேஸ்ட் போட்டு, பாத்திரம் துலக்குவது போல வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதற்கு முன் ஒரு இடத்தில் நின்ற டிஸ்க் அதற்குப் பிறகு தொடங்கவே இல்லை.

என் கைக்கு வரும்போது அது மழைக்காலத்து ஜன்னல் கண்ணாடி போல இருந்தது. கழுவினேன், கேன் தண்ணீரில் அலசினேன். பேஸ்ட் விட்ட நுண்கீறல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேசலின் தடவித் துடைத்தேன், மூன்று முறை துணி மாற்றி. முதல் டிரைவ் டிஸ்க் இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. நண்பரிடம் இருந்த பழைய டெஸ்க்டாப்பின் டிரைவ் ஏற்றுக்கொண்டது. ஐசோபஸ்டரை ஓடவிட்டு இரவு பத்து மணிக்குப் படுத்தேன். நடுநடுவே எழுந்து பார்த்தேன், கர் கர் என்று ஒரே இடத்தில் முயன்றுகொண்டிருந்தது. விடியும்போது முடிந்திருந்தது.

பதினோரு இடத்தில் படம் கட்டங்கட்டமாக உடைகிறது. இரண்டு இடத்தில் சத்தமே இல்லை. நாற்பத்தாறாவது நிமிடத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் வருகிறார், மத்தளம் ஏறுகிறது, கேமரா அசைந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மேளக்காரர்கள் பக்கம் திரும்புகிறது. கன்னம் உப்பி, கண் மூடி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தாத்தா ஊதுகிறார். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு கட்டம்கூட உடையவில்லை. அந்தக் கோப்பு இப்போது ஆரணியில் மாமாவிடம் ஒன்று, என்னிடம் இரண்டு, பெங்களூரில் தம்பியிடம் ஒன்று இருக்கிறது.